உன் அப்பா எதற்குப் பயந்தார்

சேவியர்,

ஞாயிற்றுக்கிழமை உன் கூட்டம் முடிந்து, நீ ஏற்றிவிட்ட பஸ்ஸில் வந்து, சிங்கப்பெருமாள் கோயிலில் வேறு பஸ் பிடித்து, ஒரகடம் வழியாக வீடு வந்து சேர்ந்தேன். பத்திரமாகத்தான் வந்தேன். ஆனால் அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நீ தொழிற்சங்கத் தலைவனாக வந்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம் இல்லை என்று நினைத்துவிடாதே. உன் பெயரைச் சொல்லி அவ்வளவு பேர் கை தட்டியபோது என் கண் கலங்கியது நிஜம். அதற்குப் பிறகு நீ மேடையில் உன் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டாய். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா எதுக்கும் பயந்தவர் கெடையாது. அந்த ரத்தம்தான் என் ஒடம்புல ஓடுது" என்றாய். கூட்டமே எழுந்து நின்று தட்டியது. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கை எழவில்லை. பக்கத்தில் இருந்த உன் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு ஒளித்து வை என்று சொல்லமாட்டேன். உன் மனைவிக்குக் காட்டு. உன் சங்கத்து ஆட்களுக்கும் காட்டலாம். அவர்கள் இதைப் படித்தால் உனக்கு நல்லதுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உன் அப்பா எதற்கும் பயப்படாதவர் என்பதில் பாதி உண்மை. மீதிப் பாதி எனக்கு மட்டும் தெரியும். அவருடைய ஊரில் காலரா வந்த வருஷம் அவர் சின்னப் பையன். அம்மா, அப்பா, தங்கச்சி மூன்று பேரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அதன் பிறகு பெரியப்பா வீடு, மாமா வீடு, கடைசியில் சர்ச் சாமியார்கள் நடத்திய விடுதி என்று மாறி மாறி வளர்ந்தார். ஒவ்வொரு வீட்டிலும், இனி இதுதான் நம் வீடு என்று அந்தப் பையன் நம்பத் தொடங்கும் நேரத்தில், துணியைச் சுருட்டிக் கையில் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்கள். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்று அவர் யாரையும் குறை சொன்னதில்லை. "போன்னு சொல்லும்போது யாரும் கோவமா சொல்லல. சிரிச்சிகினே சொன்னாங்க. அதான் தாங்கல" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். எப்போது சொன்னார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெங்களூர் ரோட்டில் லாரி ஏரிக்குள் கவிழ்ந்த கதை உனக்கு மனப்பாடம். மழைத் தண்ணீர் கரையைத் தொட்டு நிற்க, எல்லோரும் மேலே நின்று கூச்சல் போட, உன் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தார். டிரைவரையும் கிளீனரையும் ஒவ்வொருவராகத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து கரையில் போட்டார். அந்தக் கதை அதோடு முடிவதாகத்தான் நீ கேட்டிருப்பாய். அன்று பள்ளிக்கூடத்தில் மழை விடுவதற்காகப் பிள்ளைகளோடு காத்திருந்துவிட்டு, நான் கொஞ்சம் தாமதமாக வீட்டுக்கு வந்தேன். தெருமுனையில் உன் அப்பா ஈரத்துணியோடு நின்றிருந்தார். ஊரே அவரைத் தேடிக்கொண்டிருக்க, அவர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் உடைந்து தோலில் குத்தியது. "சொல்லாம எங்க போன? எங்க போன நீ?" என்று கேட்டபோது அவர் உதடு நடுங்கியது. ஏரிக்குள் குதித்த மனுஷனுக்கு வராத நடுக்கம், வீட்டில் ஆள் இல்லை என்றதும் வந்துவிட்டது. அப்போது எனக்குக் கல்யாணமான புதுசு. என்மேல் இவ்வளவு ஆசையா என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

டப்பாவுக்கும் பீப்பாய்க்கும் மூடி அடிக்கும் அந்தக் கம்பெனியில் அவர் சேர்ந்த பிறகு, அதுவே அவருக்கு வீடாகிவிட்டது. இன்றைக்கு நீ வேலை செய்யும் இடம் மாதிரி பெரிய இடமில்லை அது. தகரக் கொட்டகை, வரிசையாகப் பிரஸ் மிஷின்கள், சுற்றிலும் முள்காடு. மறைமலை நகர் என்று ஒரு ஊரே வராத காலம். இந்தப் பக்கத்துப் பையன்களுக்குக் கழனியை விட்டால் வேறு வேலை இல்லாதபோது, அந்தக் கொட்டகைதான் எல்லோருக்கும் சோறு போட்டது. உன் அப்பா சங்கம் ஆரம்பித்தார். ஆட்களை வேலையை விட்டுத் தூக்கியபோது கேட்டில் தனியாக நின்று, அடிக்க வந்த அடியாட்களிடம், "மொதல்ல என்னை வெட்டிட்டு உள்ள போங்கடா" என்றார். அவர்கள் திரும்பிப் போனார்கள். அதிலிருந்து அவர் சொன்னால் சொன்னதுதான். யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுச் சாவு என்றாலும் முன்னால் நிற்பார். "இவங்கதான் என் வூட்டு ஜனம்" என்பார். ஆனால் அந்த ஜனத்தில் ஒருவன் ஆவடியில் நல்ல வேலை கிடைத்துப் புறப்பட்டபோது, உன் அப்பா அவனை வழியனுப்பப் போகவில்லை. மற்றவர்களையும் போகவிடவில்லை. "நம்மள வுட்டுட்டுப் போறவனுக்கு இன்னா மாலை?" என்றார். அவன் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றதை நான் பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தேன்.

ஏகாம்பரத்தை உனக்கு நினைவிருக்கும். தேர்த் திருவிழாவுக்கு உன்னைத் தோளில் உட்காரவைத்துக் கூட்டத்துக்குள் தூக்கிப்போனவர். உன் அப்பாவை அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிடுவார். வீட்டுக்கு வந்தால் அடுப்படி வரை வந்து, "டீச்சரம்மா, இன்னா கொழம்பு?" என்று மூடியைத் திறந்து பார்ப்பார். கம்பெனியில் அவருக்குக் கொடுத்திருந்த பிரஸ் மிஷின் பழசு. காலால் பெடலை அழுத்தினால் மேலே இருக்கும் இரும்பு ஒரு தடவை இறங்கித் தகட்டை அடித்துவிட்டு ஏறி நிற்க வேண்டும். அடித்த மூடியைக் கையால் எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். அந்த மிஷின் சில நேரம், பெடலைத் தொடாமலே, தானாக இரண்டாவது தடவை இறங்கியது. கை உள்ளே இருக்கும்போது இறங்கினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஏகாம்பரம் வந்து சொன்னது எங்கள் வீட்டில் வைத்துத்தான். நான் அவருக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். "தாஸண்ணே, அந்த மிஷினு சரியில்லண்ணே. நேத்து ரெண்டு தபா தானா எறங்கிச்சி. நான் கைய இஸ்துகினேன், தப்பிச்சேன். அத ரிப்பேரு பண்ணாம நான் ஒக்கார மாட்டேண்ணே" என்றார். உன் அப்பா, "நான் மேனேஜர்கிட்ட பேசறேன், நீ போ" என்றார். பேசவும் செய்தார். மேனேஜர் அவரை உட்காரவைத்து மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்: மிஷினை நிறுத்தினால் ஆர்டர் போய்விடும், சங்கத்திலிருந்து ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்குப் புகார் போனால் முதலாளி இந்த இடத்தையே மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார், பிறகு உங்கள் ஆட்கள் ஆளுக்கொரு திசையில் போகவேண்டியதுதான். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

உன் அப்பா அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை; எனக்கும் பிறகுதான் தெரியும். சங்கத்தைக் கூட்டி, இப்படி மிரட்டுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கலாம். அவர்களும் பயந்திருக்கலாம், அல்லது துணிந்திருக்கலாம். அது அவர்கள் கை, அவர்கள் முடிவு. அதற்குப் பதிலாக அவர் என்ன செய்தார் தெரியுமா? மறுநாள் ஷிப்ட் தொடங்கும்போது எல்லோர் முன்னாலும் அந்த மிஷினில் போய் உட்கார்ந்தார். ஷிப்ட் முடியும்வரை எழுந்திருக்காமல் மூடி அடித்தார். மிஷின் அன்றைக்கு ஒழுங்காக ஓடியது. எழுந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "பாத்துக்குங்கடா. எனக்கு இன்னா ஆச்சு?" என்றார். பையன்கள் விசிலடித்தார்கள். ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் அந்த மிஷினில் உட்காரமாட்டேன் என்று யார் சொல்ல முடியும்? சொன்னவன் பொட்டை ஆகிவிடுவானே. சாயங்காலம் உன் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து இதை என்னிடம் சொன்னார். நீ அவர் கையைப் பிடித்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். உனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு.

ஊர் அதை வீரம் என்றது. நீயும் இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். எத்தனையோ வருஷம் யோசித்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: கை போவதற்கு அவர் பயப்படவில்லை, கைவிடப்படுவதற்குப் பயந்தார். அந்தப் பயத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத் தன் கையை மிஷினுக்குள் வைத்தார். தன் கையை வைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்தவன் கையையும் சேர்த்து வைத்துவிட்டார்.

அந்த மாதம் முடிவதற்குள் ஏகாம்பரத்தின் வலது கை நசுங்கிப்போய்விட்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். உன் அப்பாதான் அவரைத் தூக்கி வேனில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தன் ரத்தத்தையும் கொடுத்தார். சட்டையெல்லாம் ரத்தமாக வீட்டுக்கு வந்து, குளிக்காமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் உடைந்துவிட்டார், இனி உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நான் நம்பினேன். ஆனால் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்த அன்று உன் அப்பா, மிஷினில் ஒரு கோளாறும் இல்லை, நானே அதில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன் என்றார். ஏகாம்பரம் அன்று குடித்துவிட்டு வந்திருந்தார் என்றும் சொன்னார். சாராயக் கடைகள் திறந்த புதிது அது. யாரைப் பற்றிச் சொன்னாலும் எல்லோரும் நம்புவார்கள். அதுவும் தாஸ் அண்ணன் வாயால் சொன்னால் கேட்கவா வேண்டும்? ஏகாம்பரத்துக்கு நஷ்ட ஈடு இல்லை என்று ஆயிற்று.

எனக்கு இது தெரிய வந்தது ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா மூலமாக. பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் நின்றிருந்தாள். கைக்குழந்தை இடுப்பில். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "டீச்சரம்மா, எங்க வூட்டுக்காரரு அப்பன் குடிச்சே செத்தாரு. அதனால இவரு அந்த வாடை பட்டாலே வாந்தி எடுப்பாரு. அண்ணனுக்கு அது தெரியும். தெரிஞ்சும் ஏம்மா இப்பிடி சொன்னாரு? ஒரு தபா கேட்டுச் சொல்லும்மா" என்றாள். சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்கச் சொல்லி என்னிடம் வந்திருந்தாள்.

நான் வீட்டுக்கு வந்து உன்னை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கேட்டேன். "ஏகாம்பரம் குடிச்சிருந்தாரா?" உன் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுபடி கேட்டேன். "உனுக்கு ஒண்ணியும் தெரியாது, சும்மா இரு. கம்பெனிய மூடிடுவாங்க. அத்தினி பேரும் போயிடுவாங்க. அப்பறம் யாரு கீறாங்க எனக்கு?" என்றார். "நான் இருக்கேன், பையன் இருக்கான்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? "நீயும் ஒரு நாளு போயிடுவ" என்றார். அப்போதுதான் அந்தப் பெரியப்பா வீட்டையும் மாமா வீட்டையும், சிரித்துக்கொண்டே துணியைச் சுருட்டிக் கொடுத்ததையும் சொன்னார். அவ்வளவு பெரிய ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்தச் சின்னப் பையனுக்காக எனக்கும் அழுகை வந்தது. ஆனால் சேவியர், அந்தப் பையன் பட்ட கஷ்டத்துக்கு ஏகாம்பரத்தின் கை எப்படி ஈடாகும்? "வாங்க, ரெண்டு பேரும் போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்றேன். எழுந்து முகம் கழுவிச் சட்டை போட்டார். ஏகாம்பரத்தின் தெரு வரைக்கும் சேர்ந்து நடந்தோம். தூரத்தில் ஏகாம்பரம் தன் வீட்டு வாசலில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. உன் அப்பா அங்கேயே நின்றுவிட்டார். "நாளைக்கு வரலாம்" என்று திரும்பி வேகமாக நடந்தார். பிறகு அந்தத் தெருவில் அவர் கால் வைக்கவே இல்லை.

நான் கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த இன்ஸ்பெக்டரின் அலுவலகத்துக்குப் போனேன். மிஷின் கெட்டிருந்தது என்று ஏகாம்பரம் எங்கள் வீட்டில் வந்து சொன்னதை என் காதால் கேட்டேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க கம்பெனியில வேலை செய்யறீங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன தகராறோ, அதை வீட்டுலயே பேசிக்குங்க" என்று அனுப்பிவிட்டார். நான் போனது உன் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "நீயும் என்னை வுட்டுட்டுப் போயிட்டியா?" அதே வீட்டில் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு கடைசிவரை நான் இருந்தேன். ஆனால் அவர் கணக்கில் நான் அன்றே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு இருந்தவர் நீ மேடையில் சொன்ன ஆள் இல்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற அவர் எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. ஏகாம்பரத்துக்காகச் சங்கத்தில் பேசிய ஒரு பையனை, முதலாளியின் கையாள் என்று பட்டம் கட்டி வெளியே தள்ளினார். கூட்டத்தில் யாராவது தனியாகக் கூடிப் பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பார். பாசமாக இருந்த பிடி முரட்டுப் பிடியாகி, சங்கத்துப் பையன்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். நீ காலேஜில் சேர வெளியூர் போக வேண்டும் என்றபோது, அவர் நெஞ்சு வலி என்று படுத்துக்கொண்டதும், நீ போகாமல் ஐ.டி.ஐ.யில் சேர்ந்ததும் உனக்கு நினைவிருக்கும். அன்று அவருக்கு நெஞ்சு வலி இல்லை என்பது உனக்குத் தெரியாது. கம்பெனி என்ன ஆனது? முதலாளிக்கு வேறு இடத்தில் லாபம் தெரிந்ததும் ஒரு நாள் மூடிவிட்டார். புகாரும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. மிஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆட்கள் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பிரிந்து போனார்கள். எது நடக்கக் கூடாது என்று ஒரு மனுஷனின் கையை அவர் பலி கொடுத்தாரோ அது சாதாரணமாக நடந்து முடிந்துவிட்டது. அவரிடம் சொல்லிக்கொண்டு போனவர்கள்கூடக் குறைவு.

அவர் அடக்கத்துக்கு ஏகாம்பரம் வந்தார். கல்லறையில் இடது கையால் மண் போட்டார். "பாரும்மா, எவ்ளோ பாசம்" என்று நீ என் காதில் சொன்னாய். எல்லோரும் போன பிறகு அவர் என்னிடம் வந்தார். "அண்ணன் ஒரு நாளு வந்து, நீ குடிக்கலடா ஏகாம்பரம்னு சொல்லுவாருன்னு வாசல்லயே ஒக்காந்துகினு இருந்தேம்மா. எனக்கு வேற ஒண்ணியும் வாணாம். கையக்கூட நான் அப்பவே வுட்டுட்டேன். இனிமே யாரு வந்து சொல்லப்போறாங்க?" என்றார். "எனக்குத் தெரியும் ஏகாம்பரம்" என்றேன். "உங்குளுக்குத் தெரியும்மா. ஊருக்கு யாரு சொல்றது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நீ இன்னொன்றும் சொன்னாய். குடிக்கக் கூடாது என்று இளம்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது, "எங்க ஊர்ல ஒருத்தர் குடிச்சிட்டு மிஷின்ல ஒக்காந்து கையையே எழந்துட்டாரு, நானே பாத்திருக்கேன்" என்றாய். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய். ஆனால் செத்துப்போனவரின் பொய் உன் வாயில் உயிரோடு இருக்கிறது. அதைக் கேட்ட பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷி இல்லை.

உன் அப்பாவை வெறுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஏரியில் குதித்தவரும் அவர்தான், கேட்டில் நின்றவரும் அவர்தான். உனக்கும் அந்தப் பயம் வரும். இப்போதே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பஸ் ஏற்றிவிடும்போது, உன்னை எதிர்த்துத் தேர்தலில் நின்ற பையனைப் பற்றிப் பேச்சு வந்ததும் உன் முகம் மாறியதைப் பார்த்தேன். உனக்குக் கீழே இருக்கும் யாராவது வந்து, இந்த மிஷின் சரியில்லை என்று சொன்னால், நீ வீரன் என்று காட்டிக்கொள்ள அதில் போய் உட்காராதே. மிஷினை நிறுத்து. ஆட்கள் உன்னை விட்டுப் போனால் போகட்டும். தலைவர் பதவி போனால் அதுவும் போகட்டும். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். சொன்ன யாரையும் அது கெடுத்து நான் பார்த்ததில்லை.

ஏகாம்பரம் இப்போது தண்டலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். பேரப்பிள்ளைகள் அவரைக் குடிகாரத் தாத்தா என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் போகிறேன். நீயும் வா. அவர் அன்று குடித்திருக்கவில்லை என்பதைத் தனியாக அறைக்குள் கூட்டிப்போய்ச் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, கூட்டத்தில் பேசினாயே அந்தக் குரலில் சொல்.

அம்மா